பதினாறு எண்ணிக்கை தாமதம்: ஒரு பரத வகுப்பில் வெப்கேமை வைத்துச் செய்த வேலை

பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில் என் மகள் பரதம் கற்றுக்கொள்கிறாள். பலகைத் தரை, தெருப் பக்கம் மூன்று ஜன்னல், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு நாள் போய்ப் பார்த்தால் அந்தக் கண்ணாடியைப் பழைய சேலையால் மூடி வைத்திருக்கிறார் டீச்சர். ஏன் என்று கேட்டேன். "கை போற பக்கம் கண் போகணும் தம்பி. இதுங்க கண்ணெல்லாம் கண்ணாடிப் பக்கம் போகுது" என்றார்.

கொஞ்ச நேரம் நின்று பார்த்த பிறகு எனக்கும் புரிந்தது. நாட்டடவு என்ற அடவில் (அடவு என்றால் அடிப்படை ஆட்ட அசைவு) வலது கை நீளும்போது முகம் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும், பார்வை விரல் நுனிக்குப் போக வேண்டும். எதிரே கண்ணாடி இருந்தால் முகம் பாதி திரும்பி நின்றுவிடும், கருவிழி மட்டும் ஓரத்திலிருந்து தன்னையே பார்க்கும். அதைவிடப் பெரிய சிக்கல், பார்த்த கணத்திலேயே திருத்திக்கொள்வது. அரைமண்டி, அதாவது முழங்காலை மடித்துப் பாதி உட்கார்ந்த நிலை, ஏறிவிட்டது என்று கண்ணாடியில் தெரிந்ததும் பிள்ளை உட்கார்ந்துவிடுகிறாள், அதனால் தன் அரைமண்டி எப்போதும் சரியாக இருப்பதாகவே நினைக்கிறாள். கண்ணாடியைப் பார்க்காத நேரத்தில் அது எப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வழியே இல்லை.

போனில் எடுத்துக் காட்டலாமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். டீச்சர் ஒரு கையில் தாளம் தட்டும் தட்டுக்கழி பிடித்து வாயில் சொற்கட்டு (தாளத்துக்கான சொற்கள்) சொல்லிக்கொண்டிருப்பார். நடுவில் எழுந்து போய்ப் போனை நிறுத்தி, பின்னால் ஓட்டி, பன்னிரண்டு பிள்ளைகளையும் ஐந்தங்குலத் திரையைச் சுற்றி நிற்கவைத்துக் காட்டி முடிப்பதற்குள் உடம்பு ஆறிவிடும், தாளம் போய்விடும். ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை செய்யலாம், அவ்வளவுதான்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கேமரா வைத்து சர்க்கியூட் போர்டுகளைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். அதனால் எனக்கு உடனே தோன்றியது இது: வெப்கேம் படத்தைக் குறிப்பிட்ட நேரம் பிடித்து வைத்திருந்து அப்புறம் டிவியில் விட்டால் என்ன? பிள்ளை ஆடி முடிப்பாள், நிற்பாள், அவள் ஆடியது எதிரே ஓடும். யாரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை.

எவ்வளவு தாமதம் என்பதை டீச்சரிடமே கேட்டேன். அவர் விநாடியில் பதில் சொல்லவில்லை. "வலது பக்கம் எட்டு, இடது பக்கம் எட்டு. பதினாறு எண்ணிக்கை" என்றார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த குறிப்பு அதுதான். ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, எட்டு எண்ணிக்கை. நிமிடத்துக்கு 60 என்று தட்டினால் எட்டு விநாடி, இரண்டு ஆவர்த்தனம் 16 விநாடி. தாமதம் சரியாக 16 விநாடி என்றால் பிள்ளைகள் ஒரு சுற்று ஆடுகிறார்கள், அடுத்த சுற்றில் நின்று பார்க்கிறார்கள், மறுபடி ஆடுகிறார்கள். டீச்சர் தட்டுவதை நிறுத்தவே வேண்டாம். முக்கியமாக, டிவியில் வரும் பழைய கால் அப்போது தட்டும் தட்டுக்கழியிலேயே விழும். பதினாறு எண்ணிக்கைக்கு முந்தைய கால்தான், ஆனால் தாளம் அதே இடத்துக்குச் சுற்றி வந்துவிட்டதால் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு வசதியும் இருந்தது, இது டீச்சர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று அடவின் வேகம் இரட்டிப்பாகும், ஆனால் தாளத்தின் வேகம் மாறாது. ஆகவே மூன்று காலத்துக்கும் ஒரே தாமதம் போதும்.

முதல் முயற்சி

வீட்டில் இருந்த பழைய லேப்டாப், 8 ஜிபி ரேம், ஒரு யூஎஸ்பி வெப்கேம், எச்டிஎம்ஐ கேபிள், வகுப்பில் ஏற்கனவே இருந்த டிவி. மென்பொருள் ஓபிஎஸ், கேமராப் படத்தைப் பதிவு செய்யவும் இணையத்தில் ஒளிபரப்பவும் பயன்படுவது. இதில் பலர் முதலில் தவறும் இடம் ஒன்று உண்டு, நானும் அங்கேதான் போனேன். அட்வான்ஸ்டு பகுதியில் ஸ்ட்ரீம் டிலே என்று ஒன்று இருக்கிறது. அது இணையத்தில் பார்ப்பவருக்குப் போகும் ஒளிபரப்பைத்தான் தாமதப்படுத்தும், உங்கள் திரையில் படம் உடனுக்குடன்தான் ஓடும். ரெண்டர் டிலே என்ற ஃபில்டரும் நமக்கு உதவாது, அது அரை விநாடிக்கு மேல் போகாது. வேண்டியது வீடியோ டிலே அசிங்க் என்ற ஃபில்டர். வெப்கேமைச் சேர்த்து, அதன் ஃபில்டர்களில் இதை வைத்து, 16000 மில்லிவிநாடி என்று கொடுத்து, ஃபுல்ஸ்கிரீன் புரொஜெக்டர் என்ற அதன் வசதியால் டிவியில் முழுத்திரையாக விட்டேன்.

அன்று நடந்ததை இங்கே எழுதியே ஆக வேண்டும். பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி, முன்வரிசை. தையா தை, தட்டடவு, பதினாறு எண்ணிக்கை முடித்து நிற்கிறாள், டிவியில் அவள் ஆடத் தொடங்குகிறாள். முதல் நாலு எண்ணிக்கை நன்றாக உட்கார்ந்திருந்தாள். ஐந்தில் முழங்கால் கொஞ்சம் நிமிர்ந்தது, ஏழில் இன்னும் கொஞ்சம், எட்டு வரும்போது கிட்டத்தட்ட நின்றுகொண்டே தட்டினாள். "அரைமண்டி, அரைமண்டி" என்று டீச்சர் இரண்டு வருஷமாக அவளிடம் கத்தியிருக்கிறார், அன்றைக்கு வாயே திறக்கவில்லை. பிள்ளை டிவியைப் பார்த்தாள், குனிந்து தன் முழங்காலைப் பார்த்தாள், பாவாடையைச் சரிசெய்துகொண்டு அடுத்த சுற்றில் எட்டாவது எண்ணிக்கை வரை உட்கார்ந்தே ஆடினாள். தொடை நடுங்கியது எனக்குத் தெரிந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர் நிமிடத்துக்கு 40 என்று மெதுவாகத் தட்டுவார். பதினாறு எண்ணிக்கைக்கு 24 விநாடி ஆகும். அந்த ஃபில்டரில் 20000 மில்லிவிநாடிக்கு மேல் எண் ஏறாது. சரி, நாமே நிரல் எழுதிவிடலாம் என்று பைத்தான் மொழியும் கேமராப் படத்தைக் கையாளும் ஓப்பன்சிவி நிரல்தொகுப்பும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தண்ணிக்குள் ஆடுவது போல

முதலில் எழுதியது மிக எளிய ஏற்பாடு. கேமரா விநாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனிப் படம், தருகிறது, 16 விநாடிக்கு 480 ஃபிரேம். 480 இடம் உள்ள ஒரு வரிசை. புதியது ஒன்று பின்னால் சேரும்போது முன்னால் இருக்கும் பழையது வெளியே வரும், அதைத் திரையில் காட்டு. இருபது வரிகூட இல்லை. வீட்டில் சோதித்தேன், அருமையாக ஓடியது. வகுப்பிலும் ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை குறை ஒன்றும் இல்லை.

ஏழேகால் இருக்கும். டீச்சர் தட்டுவதை நிறுத்திவிட்டு, "என்ன தம்பி, பிள்ளைங்க தண்ணிக்குள்ள ஆடுற மாதிரி இருக்கு" என்றார். திரும்பிப் பார்த்தேன். டிவியில் எல்லோரும் பாதி வேகத்தில் மிதந்துகொண்டிருந்தார்கள். அரை நிமிடம் போல அப்படி ஓடி, பிறகு தானாகவே சரியான வேகத்துக்கு வந்தது, ஆனால் தாமதம் இப்போது இரண்டு மடங்கு. பிள்ளைகள் ஆடி முடித்து நிற்கிறார்கள், டிவியிலும் எல்லோரும் சும்மா நிற்கிறார்கள். இருட்டுகிறதே என்று யாரோ குழல் விளக்கைப் போட்டார்கள், உடனே டிவியில் எல்லோரும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் அன்றைக்கு மற்றப் பெற்றோரும் பார்க்க வந்திருந்தார்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க உதவியது அந்த விளக்குதான். 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டதிலிருந்து இங்கே ஏழு மணிக்கும் வெளியே வெளிச்சம் இருக்கும், அதனால் வகுப்பில் யாரும் சீக்கிரம் விளக்குப் போடுவதில்லை. ஆனால் ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பியிருக்கும் மாடிக்குள் ஏழேகாலுக்கே மங்கிவிடும். கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் கண்ணைத் திறந்து வைக்கும். விநாடிக்கு 30 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்கு முப்பதில் ஒரு பங்கு விநாடிக்கு மேல் திறந்திருக்க முடியாது. பதினைந்தில் ஒரு பங்கு திறந்தால் 15 ஃபிரேம்தான் வரும். பெரும்பாலான வெப்கேம் இதைச் சொல்லாமலே செய்யும், லோ லைட் காம்பென்சேஷன் என்று அமைப்பில் ஒரு சின்னப் பெட்டி டிக் போட்டபடி இருக்கும்.

என் வரிசை எண்ணிக்கொண்டிருந்தது ஃபிரேமை, நேரத்தை அது பார்க்கவே இல்லை. 15 ஃபிரேம் வரும்போது 480 ஃபிரேம் என்பது 32 விநாடி. மாறும் அந்தக் கட்டத்தில், 30 வேகத்தில் எடுத்த பழைய ஃபிரேம்கள் 15 வேகத்தில் வெளியே வருகின்றன, அதுதான் தண்ணிக்குள் ஆட்டம். விளக்குப் போட்டதும் அதே கதை தலைகீழாக.

திருத்தம் இரண்டு இடத்தில். அந்தப் பெட்டியில் டிக்கை எடுத்தேன். அங்கேயே பக்கத்தில் மின்சார அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது, அதை 50 ஆக்கினேன். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய குழல் விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்கும், கேமரா 60 என்று நினைத்துக்கொண்டிருந்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும்.

முக்கியமான திருத்தம் நிரலில். இப்போது ஒவ்வொரு ஃபிரேமும் வந்து சேர்ந்த கணத்தில் அதன் நெற்றியில் நேரம் எழுதப்படுகிறது. கேமராவிலிருந்து வாங்கி வரிசையில் போடுவது ஒரு த்ரெட்டின் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு இழையின்) வேலை, அது வேறு எதற்காகவும் காத்திருக்காது. காட்டும் த்ரெட் விநாடிக்கு 30 முறை கடிகாரத்தைப் பார்த்து 16 விநாடி கழிக்கும். அந்த நேரத்துக்குள் வந்த ஃபிரேம்களில் கடைசியாக வந்தது எதுவோ அதைக் காட்டும், அதற்கும் பழையதை வீசிவிடும். கேமரா 15 தந்தாலும் 22 தந்தாலும் அசைவு கொஞ்சம் வெட்டி வெட்டி வரும், தாமதம் மட்டும் மாறாது. பயன்படுத்தும் கடிகாரம் மோனோடோனிக் வகையாக இருக்க வேண்டும். லேப்டாப்பின் சாதாரணக் கடிகாரம் இணையத்தோடு ஒத்துப்பார்த்துத் திடீரென முன்னும் பின்னும் தாவக்கூடும், இது தாவாது.

நினைவகத்தையும் அப்போதே சரிசெய்தேன். 1280க்கு 720 படம் ஒன்று ஓப்பன்சிவியில் திறந்த நிலையில் 27,64,800 பைட். 24 விநாடிக்கு 720 ஃபிரேம், கிட்டத்தட்ட 2 ஜிபி. ஒவ்வொன்றையும் ஜேபெக்காகச் சுருக்கி வரிசையில் போட்டு, காட்டும்போது மட்டும் விரித்தால் நூறு எம்பி சொச்சத்தில் முடிந்துவிடுகிறது. கேமராவையும் எம்ஜேபெக் முறையிலேயே, அதாவது ஒவ்வொரு ஃபிரேமையும் ஜேபெக்காகச் சுருக்கியே, தரச்சொல்லுங்கள். சுருக்காத 720 படம் 30 ஃபிரேமுக்கு விநாடிக்கு 442 மெகாபிட் கேட்கும், யூஎஸ்பி 2-இன் ஏட்டு வேகமே 480 தான். நடைமுறையில் அதில் ஓடாது, கேமரா தானாக 10 ஃபிரேமுக்கு இறங்கிவிடும்.

கால் அரைக்கால் தள்ளி

இப்போது தாமதம் நிலையாக நின்றது. ஆனால் டீச்சருக்குத் திருப்தி இல்லை. "முதல் காலம் சரி. மூணாங்காலம் பார்த்தா கால் தட்டுல விழல" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது.

அளந்து பார்த்தேன். வழி எளிது. போனில் நிறுத்துக்கடிகாரத்தை ஓடவிட்டு கேமராவின் முன் பிடிக்க வேண்டும், 16 விநாடி கழிந்ததும் போனும் டிவியும் ஒரே சட்டத்தில் விழும்படி இன்னொரு போனால் படம் எடுக்க வேண்டும். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான தாமதம். நாலு படம் எடுத்தேன், எல்லாமே 16.2 பக்கத்தில். நான் நேரம் எழுதுவது ஃபிரேம் லேப்டாப்புக்குள் வந்த பிறகு. கேமரா தனக்குள் எடுத்துக்கொண்ட நேரமும், டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரமும் அதில் சேரவில்லை. நிமிடத்துக்கு 60 என்றால் மூன்றாம் காலத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்ததுக்கும் கால் விநாடிதான். 0.2 விநாடி பிசகினால் ஏறக்குறைய ஒரு தட்டே தள்ளிப்போகிறது, டீச்சர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. டிவியை, மெருகேற்றுவதைக் குறைத்து உடனே காட்டும் கேம் மோடுக்கு மாற்றியதும் பிசகு பாதியாகக் குறைந்தது. மீதியை நிரலில் கழித்து 15.89 என்று வைத்தேன்.

அப்புறம் கடைசிச் சிக்கல், டீச்சரின் கை. மெட்ரோனோம் செயலி வைத்து 60 தட்டினால் எல்லாம் பொருந்தும். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகள் மனிதக் கைக்கு ஆடப் பழக வேண்டும், மேடையில் தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம் செய்வது மனிதர்தான் என்றார். அதில் நான் அவர் பக்கம். ஆனால் கை ஒரு நாள் 57-இல் நிற்கும், ஒரு நாள் 63-க்குப் போகும். 57 என்றால் பதினாறு எண்ணிக்கைக்கு 16.84 விநாடி. என் 16 அதற்குக் கிட்டத்தட்ட ஒரு எண்ணிக்கை குறைவு.

ஆகவே ஒரு சின்ன வேலை சேர்த்தேன். சுற்று தொடங்கும் முன் டீச்சர் தட்டுமனையில் (கழியால் தட்டும் கட்டையில்) வெறும் தாளம் தட்டுவார், என் மகள் கூடவே லேப்டாப்பின் ஸ்பேஸ்பாரை ஒன்பது முறை தட்டுவாள். நடுவில் எட்டு இடைவெளி, அவற்றின் சராசரியைப் பதினாறால் பெருக்கி, 0.11 கழித்து, அதுவே அன்றையத் தாமதம். சுற்று தொடங்கிய பின் அது மாறாது, நடுவில் மாற்றினால் படம் தாவும். டீச்சரின் கை வழியில் லேசாக ஏறி இறங்கினால் அந்த அளவு பிசகும், அதை விட்டுவிட்டோம். திரையின் மூலையில் விநாடி வருவதில்லை, எண்ணிக்கை வருகிறது: 16. ரூபக தாளத்துக்கு அவர் 12 கேட்பார், 24 கேட்பார், எண்ணை மாற்றினால் போதும்.

ஒலியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: வேண்டாம். ஒருமுறை மைக்கையும் சேர்த்துத் தாமதமாக விட்டேன். டிவியிலிருந்து வந்த பழைய தட்டு மறுபடி மைக்குக்குள் போய், அடுத்த சுற்றில் இரண்டாக வந்தது, அதற்கடுத்ததில் மூன்றாக. டிவியின் ஒலி அன்றிலிருந்து மூடியே இருக்கிறது.

இடவலம் மாற்றுவதிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கண்ணாடிக்குப் பழகிய பிள்ளைகளுக்கு கேமராப் படம் இடவலம் மாறித் தோன்றும், தன் வலது கை டிவியில் இடது பக்கம் வரும். சின்னவர்களுக்குக் கண்ணாடி போல மாற்றிக் காட்டுகிறோம், அரங்கேற்றத்துக்குத் தயாராகும் பெரியவர்களுக்கு மாற்றுவதில்லை, சபை பார்ப்பதை அவர்களும் பார்க்கட்டும் என்று டீச்சர் சொன்னார். ஒரு விசையில் மாறும்.

வர்ணம், பதம் போன்ற நீளமான உருப்படிக்கு இது உதவாது, அதற்குப் போனில் எடுத்து வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதே நல்லது. ஜதி (சொற்கட்டுக் கோவை) நீளம் மாறிக்கொண்டே இருக்கும் தீர்மானங்களுக்கும், அதாவது முடிப்பு ஆட்டப் பகுதிகளுக்கும், அப்படித்தான். அடவு வகுப்புக்குத்தான் இது.

பெற்றோர் முதலில் கேட்டது வேறு கேள்வி: பிள்ளைகளின் படம் எங்கே போகிறது? நியாயமான கேள்வி, அவர்கள் கேட்கும் முன்பே நான் சொல்லியிருக்க வேண்டும். எதுவும் கோப்பாகச் சேமிக்கப்படுவதில்லை. படம் லேப்டாப்பின் ரேமில் அந்தத் தாமத நேரம் வரை மட்டும் இருக்கும், பிறகு அழிந்துவிடும். வகுப்பு நேரத்தில் வைஃபையும் அணைத்திருக்கும். எல்லோரையும் லேப்டாப்பின் முன் உட்காரவைத்து இதைக் காட்டினேன், அப்படியும் விருப்பமில்லாத ஒரு பிள்ளையின் இடத்தை கேமராவுக்கு வெளியே மாற்றினோம்.

போன சனிக்கிழமை ஆறரைக்கே மழை பிடித்துக்கொண்டது. மாடி இருண்டது, விளக்கைப் போட்டால் தெருவில் மின்சாரம் போய்ப் போய் வந்தது, லேப்டாப் பேட்டரியில் ஓடியது, டிவி இரண்டு முறை அணைந்து எழுந்தது. படம் புள்ளி புள்ளியாக மங்கி, யார் முகம் யாருடையது என்றே தெரியாத அளவுக்குப் போனது. மூன்றாம் காலம் ஓடிக்கொண்டிருந்தது. நான் டிவியில் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒவ்வொன்றும் தட்டுக்கழி மனையில் விழும்போதே விழுந்தது. டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. "அடுத்தது நாட்டடவு" என்றார், என் மகள் ஸ்பேஸ்பாரில் விரலை வைத்தாள்.